சும்மாவா அழுதீர்கள்?

கேள்வி: பெரியப்பா இறந்தபோது எனக்குச் சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மறுவாரம் சும்மா ஒரு சினிமாவுக்குப் போனேன். அதில் யாரோ ஒரு கிழவர் செத்ததற்குத் தேம்பித் தேம்பி அழுதேன். 'உங்களுக்கு என்ன கல்நெஞ்சா?' என்கிறாள் மனைவி. அப்படித்தானா? (வாசகர் ஒருவர், தருமபுரி)

பதில்: 'சும்மா' என்று ஒரு சொல் போட்டீர்கள் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. காசில்லாமல் கிடைத்தாலும் சும்மா, வேலையில்லாமல் இருந்தாலும் சும்மா. கடன் கேட்க வந்தவன்கூட 'சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்' என்றுதான் ஆரம்பிப்பான். இந்தப் பத்திரிகையைச் சலூனில் சும்மா படித்துவிட்டு, தாள் சரியில்லை என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அப்புறம் வருகிறேன்.

சாவு வீட்டில் உங்களால் சும்மா இருக்க முடிந்ததா? ஃப்ரீசர் பாக்ஸுக்கு ஆள் பிடிக்க வேண்டும். ஷாமியானா, நாற்காலி, மாலை. மின்மயானத்தில் நேரம் கேட்க வேண்டும். துபாய் மகன் வரும்வரை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்று ஒரு பஞ்சாயத்து. நடுவில், சம்பந்தி வீட்டாருக்குக் காபி போகவில்லை என்று புகார். கண்ணீர் வாசல்வரை வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும். தியேட்டரில் விளக்கை அணைத்துவிட்டார்கள், பாடை கட்ட வா என்று யாரும் கூப்பிடவில்லை. அங்கேதான் ஐயா நீங்கள் சும்மா இருந்தீர்கள்.

என் அப்பா போன அன்று ஷாமியானாக்காரரிடம் பேரம் பேசி இருநூறு ரூபாய் குறைத்தவன் நான். இரண்டு மாதம் கழித்து, ஒரு படத்தில் காமெடி நடிகர் கழன்ற சைக்கிள் செயினை மாட்டும் காட்சியில் அழுதேன். அரங்கமே சிரிக்கிறது. பக்கத்து சீட்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கூத்துக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும். காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் கருமாதியை ஒட்டி இரவில் கர்ண மோட்சம் வைப்பார்கள். வேலை ஓய்ந்து வீட்டார் பாயில் உட்காரும் நேரம். சாய்கிறவன் கர்ணன்தான், ஆனால் முன்வரிசைப் பெண்கள் அவனுக்காகவா அழுகிறார்கள்? நடுநடுவே கட்டியங்காரன் சிரிக்கவும் வைப்பான். நம் சீரியல்காரர்களுக்கு அந்த நாகரிகம் கிடையாது. ஒரே சாவை மூன்று கோணத்தில் ஆறு தடவை காட்டி, வயலினையும் இழு இழு என்று இழுத்து... சரி, அவர்களைப் போன இதழிலேயே திட்டியாயிற்று.

கல்நெஞ்சு என்றீர்களே, கல்நெஞ்சுக்காரனும் கதைக்கு அழுவான். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் பெரே நகரை ஆண்ட கொடுங்கோலன் அலெக்சாண்டர் (உலகை வெல்லக் கிளம்பியவன் இல்லை, இவன் வேறு) நாடகம் பார்க்கப் போய்ப் பாதியில் எழுந்துவிட்டானாம். நடிகர் தப்பாக நினைக்கக்கூடாது என்று ஆளும் அனுப்பினான். தான் கொன்றவர்களில் ஒருவருக்குக்கூட இரங்காதவன் மேடையில் ட்ராய் நகரத்து அரசிக்காக அழுவதை ஊரார் பார்த்தால் வெட்கக்கேடாம். புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே, சினிமாவில் அழுததை வீட்டில் உங்கள் தரப்புச் சாட்சியாகக் காட்டாதீர்கள். ஃப்ரீசர் பாக்ஸ் வாடகை ரசீது உங்கள் பெயரில்தானே இருக்கிறது? அதைக் காட்டுங்கள்.