எக்செலுக்குள் அடங்காத உபயக் கணக்கு

கேள்வி: வணக்கம் அண்ணா. எங்கள் தோட்டக் கோயில் உபயக் கணக்கை எக்செலில் வைத்திருக்கிறேன். குடும்பத்துக்கு ஒரு வரி, ஆண்டுக்கு ஒரு பத்தி. இப்போது மூன்று குடும்பம் சேர்ந்து ஒரே உபயம் எடுக்கிறார்கள், எங்கே எழுதுவதென்றே தெரியவில்லை. டேட்டாபேஸ் கற்றுக்கொள்ள ஆசை. எந்த மென்பொருளில் தொடங்கட்டும்?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மென்பொருள் இருக்கட்டும் தம்பி. ஒரு வெள்ளைத்தாளோடு கோயில் செயலாளர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு குடும்பம் ஒரே திருவிழாவில் எத்தனை உபயம் எடுக்கலாம், ஒரு உபயத்தை எத்தனை குடும்பம் பங்கு போடலாம் என்று கேளுங்கள். இரண்டுக்குமே 'எத்தனை வேண்டுமானாலும்' என்று பதில் வந்தால் குடும்பம், உபயம் என்ற இரண்டு டேபிள் (அட்டவணை) போதாது, நடுவில் 'பங்கு' என்று மூன்றாவது ஒன்று வேண்டும்.

அன்னதான உபயம் 900 வெள்ளி (ரிங்கிட்), மூன்று வீடு 400, 300, 200 என்று எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 400 யாருடையது? குடும்பத்தின் வரியில் எழுத முடியாது, அவர்கள் வேறு உபயமும் எடுத்திருப்பார்கள். உபயத்தின் வரியிலும் முடியாது, அங்கே மூன்று பேர் நிற்கிறார்கள். இந்தக் குடும்பம் இந்த உபயத்தோடு சேர்ந்த இடத்தில்தான் 400 பிறக்கிறது, அதனால் பங்கு டேபிளில் குடும்ப எண், உபய எண், தொகை என்று ஒரு வரி. நாளைக்கு நாலாவது வீடு வந்தால் இன்னொரு வரி, அவ்வளவுதான். 'சம்பளம் போட்டதும் மீதியைத் தருகிறேன்' என்பவர்கள் இருந்தால் (எந்தத் தோட்டத்தில் இல்லை!) கட்டிய பணத்துக்குத் தேதியோடு தனி டேபிள்.

ஆண்டைத் தலைப்பில் வைத்ததுதான் எக்செலில் நடந்த தப்பு. அதுவும் ஒரு தகவல், உபயத்தின் வரிக்குள் வர வேண்டும். வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் குடும்ப டேபிளில் ஒரே இடத்தில் இருந்தால், அவர்கள் ஈப்போவுக்கு மாறிப் போனாலும் ஒரு இடத்தில் திருத்தினால் போதும். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த யோசனை இது, நார்மலைசேஷன் என்பார்கள். குடும்பம், உபயம் எல்லாம் பெட்டி, தொடர்பு கோடு என்று நீங்கள் தாளில் வரையப்போகும் படத்துக்கு 1976இல் பீட்டர் சென் வழி காட்டினார்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுப் பாடங்களில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு பத்தி இருக்கும். நானும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே போட்டு, த/பெ-க்குப் பின்னால் இருந்ததை அதில் அடைத்தேன். ஒரே வீட்டு அப்பாவும் மகனும் இரண்டு குடும்பமாகி, நன்கொடைக் கடிதம் இரண்டு முறை போய், நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். முழுப்பெயர் ஒரே பத்தியில் இருக்கட்டும்.

சரி, மென்பொருள். லிப்ரெஆபிஸ் பேஸ், எஸ்க்யூலைட் இரண்டும் இலவசம். பங்கில் எழுதிய குடும்ப எண் குடும்ப டேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஃபாரின் கீ சோதனை. எஸ்க்யூலைட்டில் அது வழக்கமாகத் தானாக ஓடாது, ஒவ்வொரு முறை இணையும்போதும் ஆன் செய்யுங்கள். மறந்தால் இல்லாத குடும்பத்தின் பெயரிலும் பங்கு ஏறிவிடும்.

கேள்வி: ஐசி (அடையாள அட்டை) நம்பரையே பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் எண்ணாக வைக்கலாமா?
- வாசகி, தெலுக் இந்தான்

பதில்: வேண்டாம்மா. தோட்டத்தில் ஐசி இல்லாமலே வயதானவர்கள் உண்டு, அவர்களை எப்படிப் பதிவீர்கள்? 12 இலக்கத்தில் ஒன்றைத் தப்பாகத் தட்டிவிட்டால் அந்தத் தப்பு எல்லா டேபிளுக்கும் போகும். 2005இல் பிறந்த பிள்ளையின் நம்பர் 05 என்று தொடங்கும், எண்ணாகச் சேமித்தால் அந்தப் பூஜ்யம் காணாமல் போய்விடும். 1, 2, 3 என்று நீங்களே நம்பர் கொடுங்கள். ஐசி கட்டாயம் தேவை என்றால் எழுத்து வகையில் தனிப் பத்தியாக வையுங்கள், ஆனால் கோயில் கணக்குக்கு அது எதற்கு?