யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாக ஹோட்டன் சமவெளிக்கு நடக்கப் போகிறோம். எப்படி ஆயத்தமாவது?

ஜனவரியில் போகிறோம், ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பு வரை நடக்க ஆசை, பிள்ளைகளும் அம்மாவும் வருகிறார்கள், ஒருவருக்கும் மலைப் பழக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் யாழ்ப்பாணம்தான். ஊரிலிருந்து உறவினரையும் நண்பர்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போய் வந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஏற்றத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். மலைநாட்டில் உள்ள இந்தச் சமவெளியே 2,100 மீற்றருக்கு மேல்தான் இருக்கிறது. அந்த உயரம் வரை வாகனம் ஏறிவிடும். நீங்கள் நடக்கப்போவது புல்வெளியும் காடும் மாறி மாறி வரும் மேடு பள்ளத்தில். புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேரும் பாதை, ஏறத்தாழ 9 கிலோமீற்றர். பிள்ளைகளோடு ஆறுதலாக நடந்தால் நான்கு மணித்தியாலம் பிடிக்கும். எங்கள் ஆட்களை அங்கே வாட்டி எடுப்பது குளிரும் ஈரமும்தான். ஆகவே ஆயத்தத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகட்டும்.

உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பம் ஆறு, ஆறரை பாகை குறையும். நாங்கள் கடல் மட்டத்தில் இருந்து போகிறோம். சமவெளியின் ஆண்டுச் சராசரி வெப்பமே 13 பாகை அளவுதான். நீங்கள் போகும் ஜனவரியில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. இதைக் கேட்டுவிட்டு எல்லாரும் செய்வது, பெட்டியின் அடியில் கிடக்கும் தடித்த ஜக்கெற் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வது. அரை மணித்தியாலம் நடந்ததும் அதற்குள் வேர்த்துக் கொட்டும். கழற்றினால் காற்று அடிக்கும், நனைந்த உடம்பு நடுங்கத் தொடங்கும். அதற்குப் பதிலாக மூன்று உடுப்பை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுங்கள்: உள்ளே விளையாட்டுக்குப் போடுகிற மெல்லிய மேற்சட்டை, அதன்மேல் சுவெற்றர், வெளியே காற்றும் மழையும் புகாத மழைச்சட்டை. வேர்க்க முன்னமே ஒன்றைக் கழற்றுங்கள், நின்று இளைப்பாறும்போது திரும்பப் போடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் பாரம், காயவும் காயாது. பிள்ளைகளுக்குக் காதை மூடும் தொப்பியும், மாற்றுவதற்கு ஒரு சோடி காலுறையும் கட்டாயம். கம்பளி உடுப்பு இல்லையென்றால் இங்கே தேடி அலையாதீர்கள், நுவரெலியாக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். குளிர் என்பதற்காக வெயிலை மறந்துவிடவும் கூடாது. வானம் திறந்தால் அந்த உயரத்தில் முகமும் கழுத்தும் கருகிவிடும்.

காலுக்குச் சப்பாத்து, அதுவும் அடிப்பக்கம் நன்றாகப் பிடிக்கும் பழகிய சப்பாத்து. புதிதாக வாங்கினால் இப்போதே வாங்கி, சந்தைக்கும் கோயிலுக்கும் போட்டுக்கொண்டு நடவுங்கள்.

பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் உள்ள மண் இது, நடக்க எங்களுக்குத் தெரியும். ஆனால் சமதரையில் எவ்வளவு நடந்தாலும் இறக்கத்துக்குத் தேவையான தொடைப் பலம் வராது. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முழு உடம்பையும் தொடையும் முழங்காலும் தாங்க வேண்டும், அடுத்த நாள் படி இறங்க முடியாமல் பண்ணுவது அதுதான். வடமராட்சிப் பக்கம் என்றால் பின்னேரங்களில் மணற்காட்டு மணல்மேடுகளுக்குப் போய் ஏறி இறங்குங்கள், பிள்ளைகள் அதை விளையாட்டாகவே செய்வார்கள். நகரத்துக்குள் இருந்தால் ஏதாவது மாடிக் கட்டடத்தின் படிகள் போதும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே தொடங்கிவிடுங்கள். இறங்கும்போது மெதுவாக, முழங்காலைச் சற்று மடித்து வைத்து இறங்கப் பழக வேண்டும்.

அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். சுகமாக இருப்பவருக்குக் கொஞ்சம் இளைக்கும், சிலருக்குத் தலையிடிக்கும், அவ்வளவுதான். பிறசரோ இருதய வருத்தமோ இழுப்போ இருந்தால் மட்டும் வைத்தியரிடம் கேட்டுவிட்டு, மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். வாகனத்தில் வைத்துவிட்டு வந்தால் பிரயோசனம் இல்லை. பாதையில் வரும் பேக்கர் அருவிக்கு இறங்கும் துண்டு செங்குத்து, வழுக்கலும் கூட. நீங்கள் பார்த்துவிட்டு வரும்வரை அவர் மேலே இருக்கலாம். அருவியில் குளிக்கத் தடை, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டில் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சமவெளித் தேசியப் பூங்காவின் வாசலில் பைகளைத் திறந்து பார்த்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் மெல்லிய தாளைக்கூட உரித்துவிடுவார்கள். பிஸ்கற் பக்கற்றுகளோடு போகிறவர்கள் அந்த இடத்தில் நின்று திண்டாடுவார்கள். எங்கள் பனங்கட்டியோ ஓலைக் குட்டானிலேயே வருகிறது. ஓலையை விரித்து ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டால், ஏற்றத்தில் சோர்ந்த பிள்ளைக்கு உடனே தெம்பு வரும். புழுக்கொடியல், எள்ளுருண்டை எல்லாம் துணிப்பையில் போகும். இடியப்பமோ புட்டோ வாழையிலையில் கட்டலாம். ஆளுக்கு ஒரு லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும், பாதையில் கடை எதுவும் இல்லை.

வாசலில் நடக்கும் அந்தப் பைச் சோதனையைத் தொல்லையாக நினைக்க வேண்டாம் என்று மனதாரக் கேட்கிறேன். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் சேரும் ஊற்றுநிலம் அது. ஆறு இல்லாமல் கிணற்றை நம்பி வாழும் எங்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் கிட்ட வந்து நிற்கும். பிள்ளைகள் எதையாவது நீட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள். மனிதர் கைச் சாப்பாட்டுக்குப் பழகிய மரை, வாசம் பிடித்த பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும்.

நேரம்தான் அடுத்த பெரிய விஷயம். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கில் இருந்து முகில் ஏறி உலக முடிவை மூடிவிடும். அதற்குப் பிறகு போய் நின்றால் வெள்ளைத் திரைதான் தெரியும். முதல் நாளே நுவரெலியாவில் தங்கி, விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு, வாசல் திறக்கும் நேரத்தில் நில்லுங்கள். பாதை பிரியும் இடத்தில் அருவிப் பக்கம் திரும்பாமல் உலக முடிவுப் பக்கம் முதலில் போங்கள், அருவியை முகில் ஒன்றும் செய்யாது. அந்தப் பாறை விளிம்புக்குக் கீழே ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம். படம் எடுக்கிற ஆர்வத்தில் யாரும் பின்பக்கமாக அடி வைக்கக் கூடாது, பிள்ளையின் கையைப் பெரியவர் ஒருவர் பிடித்தே இருக்க வேண்டும்.

பெரியவர்கள் எல்லாரும் தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். கனடா, லண்டனில் இருந்து வந்திருக்கும் சொந்தக்காரர் கூட வந்தால், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று கணக்குப் பார்த்தால் மனத்தாங்கல் வரும்.

அப்புறம், வாகனப் பயணம். கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் 321 கிலோமீற்றர், கண்டிக்கு மேலே நுவரெலியா வரை வளைவுக்கு மேல் வளைவு. வாந்தி வருகிறவர்களை முன் இருக்கையில் இருத்துங்கள். நடந்து முடித்த அன்றே ஊருக்குத் திரும்ப வேண்டாம். நாலு மணிக்கு எழும்பிய சாரதி இரவில் ஏ9 வீதியில் ஓடுவது மலை விளிம்பைவிட ஆபத்து. அன்றிரவு கண்டியில் படுத்து எழும்பி, காலையில் வெளிக்கிடுங்கள்.