காலனி ஆட்சிக் காலத்தில் வியாபாரத்துக்காக வேறு நாட்டில் குடியேறி அரசியல்வாதியானவர்களில், அதிகம் பேசப்படாத ஒருவரைச் சொல்ல முடியுமா?

அலிபாய் முல்லா ஜீவன்ஜி. கென்யாவில் இந்தியர்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் பேசினால் இவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆனால் நம் ஊரில் இவர் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

1856இல் கராச்சியில் வியாபாரத்துக்குப் பேர்போன போரா என்ற முஸ்லிம் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கொஞ்ச காலம் வியாபாரம் பார்த்துவிட்டு 1890இல் இன்றைய கென்யாவின் துறைமுக நகரான மொம்பாசா வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளில் அங்கிருந்து உள்நாடு நோக்கிப் போகும் உகாண்டா ரயில் பாதை வேலை ஆரம்பமானது. அதற்கு இந்தியாவிலிருந்து ஆள் திரட்டித் தருவதும், ரேஷன் சப்ளை செய்வதும் இவருடைய காண்ட்ராக்ட். அந்தப் பாதைக்காக சுமார் 32,000 இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள்; ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே செத்தார்கள். ஜீவன்ஜியின் செல்வத்துக்கு அஸ்திவாரம் அந்த உழைப்புதான். அவரைப் புகழ்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

நைரோபியின் ஆரம்பகாலக் கட்டடங்கள் பலவற்றைக் கட்டியவரும் இவர்தான். மொம்பாசாவில் இவர் தொடங்கி, 1905இல் விற்றுவிட்ட பத்திரிகைதான் கென்யாவின் இன்றைய ‘தி ஸ்டாண்டர்ட்’ நாளிதழ்.

இவ்வளவு இருந்தும், இந்தியர் என்ற ஒரே காரணத்தால் அவருக்குக் கதவு சாத்தப்பட்டது. மேட்டுநில விளைநிலங்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றார்கள். 1909இல் அங்கிருந்த பிரிட்டிஷ் காலனி அரசின் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். வெள்ளையர் அல்லாத முதல் உறுப்பினர் அவர்தான். உள்ளே ஒற்றை ஆளாக உட்கார்ந்து என்ன சாதிக்க முடியும்? 1910இல் லண்டன் போய்ப் பத்திரிகைகளிடமே இந்தியர்களுக்காக நியாயம் கேட்டார். அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அதே பயணத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவை இந்தியாவோடு இணைத்துவிட வேண்டும் என்றும் பேசினார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான ஆப்பிரிக்கர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. அவர்களில் ஒருவர், எலியுட் மாத்து, சட்டமன்றத்துக்குள் நுழைய 1944 வரை ஆனது. ஜீவன்ஜி 1936இலேயே இறந்துவிட்டார்.

நைரோபியில் வேலை பார்த்தபோது, அவர் 1906இல் நகரத்துக்குக் கொடுத்த ஜீவன்ஜி கார்டன்ஸ் பூங்காவுக்கு மதிய வேளைகளில் போவேன். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஆபீஸ்காரர்கள், தொண்டை கிழியப் பிரசங்கம் செய்யும் போதகர், பக்கத்திலேயே வட்டமாக நின்று விலைவாசியையும் ஊழலையும் காரசாரமாக விவாதிக்கும் கூட்டம் என்று எப்போதும் கலகலப்பாக இருக்கும். 1991இல் அந்த இடத்தில் அடுக்குமாடி கார் பார்க்கிங் கட்ட ஒரு திட்டம் வந்தது. ஜீவன்ஜியின் பேத்தி ஜரினா பட்டேல் முன்னின்று எதிர்த்தார். நகர மக்களும் சேர்ந்துகொள்ள, திட்டம் கைவிடப்பட்டது. தாத்தாவின் வரலாற்றைப் பின்னர் புத்தகமாக எழுதியதும் அவரே. இந்த மனிதரைப் பற்றி விரிவாகப் படிக்க விரும்பினால் அதிலிருந்து தொடங்குங்கள்.