மனநலத் திட்டத்துக்குச் சின்ன மானியம்: வாசகர் கேள்விகள்

செப்டம்பர் 10, உலகத் தற்கொலைத் தடுப்பு நாள் நெருங்கினாலே மானியக் கேள்விகள் குவிந்துவிடும். ஓரிரு லட்சத்துக்குள் அடங்கும் திட்டங்களைப் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

பேரணி, மனிதச் சங்கிலி, டி-ஷர்ட் என்று இரண்டு லட்சத்துக்குத் திட்டம் அனுப்பினோம். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஏன்? (மகளிர் குழு, பெரும்பாக்கம்)

பட்ஜெட்டைப் பார்த்தேன். பேனர், மைக் செட், ஷாமியானா, மதியச் சாப்பாடு. பேரணி முடிந்த மறுநாள் பக்கத்து பிளாக் பெண் ஒருவர் உங்கள் குழுத் தலைவியிடம் வந்து, "வாழவே பிடிக்கலக்கா" என்றால் அவர் என்ன செய்வார்? மானியம் தருகிறவர் முதலில் தேடுவது இதற்கான பதிலைத்தான். உங்கள் விண்ணப்பத்தில் அது இல்லை.

பிளாக்குக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பதாக மாற்றி எழுதுங்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கப் பழக்குவதுதான் பயிற்சியின் மையம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லோருக்கும் பயம் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பலருக்கு அந்தக் கேள்வியே ஆறுதலாக இருக்கிறது. கேட்ட பிறகு யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் எழுதுங்கள்: அரசின் மனநல உதவி எண் 14416, 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. பெரும்பாக்கத்திலிருந்து ஒருவரைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வந்தால் கூட வருபவருக்கும் அன்றைய கூலி போய்விடும். அந்த ஆட்டோ செலவும் கூலி இழப்பும் பட்ஜெட்டில் ஒரு வரியாக வரட்டும். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே, எழுதியவருக்குக் களம் தெரியும் என்று புரிந்துவிடும்.

டி-ஷர்ட் வேண்டாம்.

எங்கள் மன்றம் பதிவு செய்யப்படவில்லை. விண்ணப்பிக்கலாமா? (பெரம்பூர்)

பெரும்பாலும் முடியாது. ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் வேண்டுமானால், வருமான வரித் துறையின் வரிவிலக்குப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவு (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ, 80ஜி), கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவு என்று வரிசையாக வாங்கியாக வேண்டும். அதுவரை, பதிவுள்ள ஒரு நிறுவனத்தின் திட்டமாகவே நடத்துங்கள். செலவுக் கணக்கு யார் கையில் இருக்கும் என்பதை மட்டும் முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மாமா மூன்று லட்சம் தருகிறேன் என்கிறார். எங்களிடம் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லை. (குரோம்பேட்டை)

மாமாவின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான், தொடாதீர்கள். எஃப்சிஆர்ஏ உள்ள பெரிய நிறுவனத்தின் கணக்கில் போட்டு நமக்கு மாற்றிவிடச் சொல்லலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. நீங்களே பதிவு வாங்க மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் நோக்கத்துக்காகப் பதினைந்து லட்சம் செலவு காட்டவும் வேண்டும். மூன்று லட்சத்துக்காக அவ்வளவு தூரம் போவானேன்?

"எத்தனை தற்கொலைகளைத் தடுப்பீர்கள்?" என்று படிவத்தில் ஒரு கட்டம். என்ன எழுத? (வியாசர்பாடி)

எண் எழுதாதீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022-ல் தமிழ்நாட்டின் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 25.9. ஐயாயிரம் பேர் வாழும் பகுதியில் அது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. அடுத்த ஆண்டு ஒன்றுகூட நடக்கவில்லை என்றாலும் அது உங்கள் வேலையின் பலனா, தற்செயலா என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை பேரிடம் பேசினீர்கள், எத்தனை பேர் உண்மையிலேயே மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார்கள், ஒரு மாதம் கழித்து எத்தனை பேரைத் திரும்பப் பார்த்தீர்கள் என்பதை எண்ணித் தருகிறோம் என்று எழுதுங்கள். இந்தக் கணக்கைச் சொல்லியும் ஏற்காத நிதியாளரிடம் பணம் வாங்காமல் இருப்பதே மேல்.

பயனாளிகளின் போட்டோ கேட்கிறார்கள். (தண்டையார்பேட்டை)

தராதீர்கள். பயிற்சி வகுப்பின் படம் போதும். பெயரை மாற்றிக் கதை எழுதுவதும் ஆபத்துதான். குடியிருப்பில் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

உயிரை விட முயன்றவருக்கு உதவினால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தன்னார்வலர்கள் பயப்படுகிறார்கள். (எண்ணூர்)

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவைப் பயிற்சியிலேயே படித்துக் காட்டுங்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே சட்டம் கொள்கிறது. தண்டிக்காமல் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. மருத்துவமனை தன் வழக்கப்படி காவல் நிலையத்துக்குத் தகவல் தரலாம். அதைக் கேஸ் என்று நினைத்துக் கூட்டிப்போகாமல் இருந்துவிடக் கூடாது.

தன்னார்வலர்களுக்குப் பணம் கொடுத்தால் சேவை மனப்பான்மை கெட்டுவிடும் என்கிறார் எங்கள் தலைவர். (சைதாப்பேட்டை)

ராத்திரி பதினோரு மணிக்கு வரும் போனை எடுக்கப்போவது தலைவரா என்று கேளுங்கள். பஸ் செலவு, ரீசார்ஜ், மாதம் ஒரு சிறு மதிப்பூதியம் கட்டாயம் வேண்டும். அதைவிட முக்கியமாக, மாதம் ஒருமுறை ஓர் உளவியலாளர் வந்து அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். கேட்ட துயரத்தை இறக்கிவைக்க அவர்களுக்கும் ஆள் தேவை. அவருடைய கட்டணத்தைப் பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள். 'இதர செலவு' என்று போட்டால் முதலில் வெட்டப்படுவது அதுதான்.