எல்லாம் தெரியுதுக்கா, ஆனா மார்க் வரல

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்லேருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பையன் ஃபோம் ஃபைவ், அதாவது இடைநிலைப் பள்ளில அஞ்சாவது வருஷம், வாயால கேட்டா கடகடன்னு சொல்றானாம், பேப்பர்ல முப்பத்தஞ்ச தாண்ட மாட்டேங்குதாம். டீச்சர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புல 'தீடாக் மெஞ்ஜாவாப் கெஹெண்டாக் சோவாலான்', அதாவது கேள்வி கேட்டதுக்குப் பதில் இல்லன்னு, மலாய்ல எழுதிடறாங்களாம். டியூஷன மாத்தணுமாக்கான்னு கேட்டிருக்காங்க.

தங்கச்சி, டியூஷன இப்போதைக்கு மாத்தாதீங்க. நீங்க அனுப்பின கெமிஸ்ட்ரி பேப்பர் போட்டோவ பெருசு பண்ணிப் பார்த்தேன், எல்லாம் அதுலயே இருக்கு. ரப்பர் பால்ல ஏன் அம்மோனியா ஊத்தறாங்க, 'தெராங்கான்', பக்கத்துல மூணு மார்க்னு போட்டிருக்கு, எழுத நாலு கோடு விட்டிருக்கான். உங்க பையன் "பால் கெட்டியாகாம இருக்க"ன்னு ஒரே வரி மலாய்ல எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டான், ஒரு மார்க். தப்பா எழுதல பாருங்க, சரியாத்தான் எழுதியிருக்கான். ஆனா அது 'நியாத்தாக்கான்'னு கேட்டா எழுத வேண்டிய பதில். நியாத்தாக்கான்னா குறிப்பிடு, சொல்லிட்டுப் போயிடலாம். தெராங்கான்னா விளக்கணும், ஏன் எப்படின்னு கேக்கறான். பாக்டீரியா அசிட் உண்டாக்கும், அம்மோனியாவுல இருக்கற ஹைட்ராக்சைடு அயனிங்க அந்த அசிட்ட சமன் பண்ணிடும், அதனால ரப்பர் துகள் மேல இருக்கற புரதச் சவ்வு நெகட்டிவ் சார்ஜோடயே இருந்து ஒண்ண ஒண்ணு தள்ளிவிட்டுக்கிட்டே இருக்கும், கட்டியாகாது. எண்ணிப் பாருங்க, மூணு மார்க்குக்கு மூணு விஷயம்.

சரித்திர பேப்பர்ல நேர் தலைகீழ்! 1948ல மலாயாவுல அவசரகாலம் பிரகடனம் பண்ணக் காரணமான சம்பவத்த நியாத்தாக்கான்னு கேட்டா, ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துல மூணு தோட்டத்துரைங்கள சுட்டுக் கொன்னாங்கன்னு ஒரு வரில முடிச்சிடலாம். இவன் சொந்த ஊர் கதையாச்சேன்னு தாத்தா சொன்னதயெல்லாம் சேத்து அரைப் பக்கம் எழுதியிருக்கான், கடைசில பெரிய கேள்விக்கு டைம் இல்ல. சரித்திரம் 2013லேருந்து எஸ்பிஎம்ல, அதான் ஃபோம் ஃபைவ் முடிவுல எழுதற அரசாங்கத் தேர்வுல, பாஸ் பண்ணியே ஆக வேண்டிய பாடம்னு அவனுக்குத் தெரியாமலா இருக்கும், ஆனா கேள்வி முதல் வார்த்தைய பார்க்காம ரப்பர், அவசரகாலம்னு தெரிஞ்ச பேர் கண்ணுல பட்டதும் பேனா ஓட ஆரம்பிச்சிடுது.

என் கதையையும் சொல்லிடறேன், சிரிக்காதீங்க. இயற்கை ரப்பரையும் வல்கனைஸ் பண்ண, அதாவது கந்தகம் சேத்துக் கெட்டியாக்கின ரப்பரையும் 'பண்டிங்கான்'னு வந்துச்சு. நான் இதப் பத்தி ஒரு பாரா அதப் பத்தி ஒரு பாரான்னு எழுதி, அண்டர்லைன் வேற போட்டுக் கொடுத்தேன், முட்டை. ஒப்பிடுன்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுச் சொல்லணுமாம், ரெண்டுமே இழுத்தா நீளும், ஆனா வல்கனைஸ் பண்ணது கெட்டி, சூடு தாங்கும், மத்தது மிருதுவா இருக்கும், இந்த மாதிரி. 'பேசாக்கான்'னு வந்தா வித்தியாசம் மட்டும் போதும்.

இதுல ஒரு வயித்தெரிச்சல் என்னன்னா, தமிழ்ப்பள்ளில படிச்ச பிள்ளைக்கு இதெல்லாம் புதுசே இல்ல. உற்றறிதல், ஊகித்தல், ஒப்பிடுதல், வேறுபடுத்துதல்னு அறிவியல்ல ஆறாம் ஆண்டு வரைக்கும் படிச்சது தானே? செக்கோலா மெனெங்கா, அதான் இடைநிலைப் பள்ளி, போனதும் அதே விஷயம் மலாய் சட்டை போட்டுக்கிட்டு வருது, பிள்ளைக்கு அடையாளம் தெரியல, நம்மளும் அது வேற இது வேறன்னு விட்டுட்டோம். அதனால பழைய பேப்பர் ஒண்ண எடுத்து, பதில் எழுத வேணாம், கேள்வில இருக்கற அந்த ஒரு வார்த்தைய மட்டும் வட்டம் போட்டு மேல தமிழ்ல எழுதச் சொல்லுங்க. 'ஹூராய்க்கான்' வந்தா விவரி, 'ராமால்கான்' வந்தா முன்அனுமானி, 'ஹிதுங்' வந்தா கணக்கு வழிமுறையோட வேணும். பக்கத்துல எத்தன மார்க்னும் எழுதட்டும். கெமிஸ்ட்ரில மலாய்க்குக் கீழ இங்கிலீஷும் இருக்கும், ஒரு மொழில சந்தேகம் வந்தா இன்னொண்ணப் பாக்கலாம். சரித்திரத்துல அந்த வசதி கிடையாது.

அப்புறம் தாத்தா இன்னும் உங்க கூடத்தான் இருக்கார்னு எழுதியிருந்தீங்க. காலையில நாலு மணிக்குப் பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கற இடத்துக்குப் போயி பால்மரம் வெட்டினவரு, அசிட் ஊத்தினா தட்டுல பால் எப்படி உறையும்னு கையால தெரிஞ்சவரு. பையன அவர் முன்னாடி உக்கார வச்சு அந்த அம்மோனியா கேள்விய விளக்கச் சொல்லுங்க. அவர் ஒவ்வொரு வரிக்கும் "அதனால?"ன்னு மட்டும் கேக்கட்டும், மூணு தடவ.