காதுக்குத் தெரியாத காலி நாற்காலிகள்

கேள்வி: அமெரிக்காவில் இரு கட்சிகளுக்கும் இடையிலான பிளவு ஏன் இவ்வளவு முற்றியது என்பதைப் பாட்காஸ்ட் கேட்கவைத்தே நடத்தலாம் என்றிருக்கிறேன். புத்தகத்தைத் தொடாத மாணவர்கள்கூட ஆர்வமாகக் கேட்கிறார்கள். சரிதானே?
- அரசியல் அறிவியல் ஆசிரியர், திருச்சி

பதில்: தாராளமாக. ஆனால் ஆர்வமாகக் கேட்டதாலேயே பாடம் புரிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஹெட்போனில் வரும் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசும் நண்பனின் குரல் மாதிரி. நண்பனிடம் போய் ஆதாரம் எங்கே என்று யார் கேட்பார்கள்?

1984-இல் நடந்ததை முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நடவடிக்கைகள் சி-ஸ்பான் தொலைக்காட்சியில் 1979 முதல் நேரடியாக வந்துகொண்டிருந்தன. கேமரா பேசுகிறவரை மட்டுமே காட்டும். குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச்சும் சகாக்களும் அன்றைய அலுவல் முடிந்தபின் எழுந்து, ஜனநாயகக் கட்சியினரை வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். வீட்டில் பார்த்தவர்களுக்கோ எதிர்த்தரப்பு வாயடைத்து உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். மே மாதம் சபாநாயகர் டிப் ஓ'நீல் கேமராவைத் திருப்பச் சொன்னார். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்! (முன்கூட்டிச் சொல்லாமல் அப்படிச் செய்தது பெரிய தகராறானது. ஓ'நீலும் ஜனநாயகக் கட்சிக்காரர்தான், அதையும் மறைக்காதீர்கள்.)

பாட்காஸ்டில் திருப்புவதற்குக் கேமராவே கிடையாது. அந்த வேலை உங்களுடையது.

ஒரே ஒரு வாக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 219-212 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரவாக ஒரு ஓட்டுகூட விழவில்லை. பக்கத்திலேயே இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்கு, மேலவையான செனட்டில் விழுந்த 73 ஆதரவு ஓட்டுகளை எழுதுங்கள்: ஜனநாயகக் கட்சி 46, குடியரசுக் கட்சி 27. எதிர்த்த 27 பேரிலும் இரு கட்சிக்காரர்களும் உண்டு. அப்புறம் 2010 சட்டத்தை ஆதரிக்கும் நிகழ்ச்சி ஒன்று, எதிர்ப்பது ஒன்று. ஐந்தைந்து நிமிடம் போதும். எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும். நடுவில் நிறுத்திக் கேளுங்கள்: "இங்கே யார் இல்லை? இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" முழு நிகழ்ச்சியையும் ஓடவிட்டு, நீங்கள் மேஜையில் விடைத்தாள் திருத்துவது மட்டும் வேண்டாம்.

கடைசியாக, ஒவ்வொருவரும் தனக்கு ஒப்பாத தரப்பின் வாதத்தை ஒரு பக்கம் எழுதட்டும். அந்தத் தரப்பை ஆதரிக்கும் மாணவர் படித்துப் பார்த்து, "ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று கையெழுத்துப் போட வேண்டும். கிடைக்கும்வரை திரும்ப எழுதச் சொல்லுங்கள்.