பாதி வாழ்க்கை மட்டுமே தெரிந்த மணியை எப்படி நினைவில் வைப்பது?

கேள்வி: விலங்குகள் காப்பகத்திலிருந்து நாங்கள் அழைத்து வந்த மணி, ஆறு ஆண்டுகள் எங்களோடு இருந்துவிட்டு, நான்கு மாதங்களுக்கு முன் இறந்துபோனான். வரும்போதே வளர்ந்த நாய். வயது நான்கோ ஐந்தோ இருக்கும் என்று காப்பகத்தில் சொன்னார்கள். துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொள்வான். யாரோ அவனை அடித்துத் துன்புறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. கடைசியில் சிறுநீரகம் செயலிழந்து, மருத்துவரின் யோசனைப்படி ஊசி போட்டு அவனை அனுப்பிவைத்தோம். ‘முடிந்துவிட்டது’ என்று மருத்துவர் சொன்ன பிறகும் மணி ஒருமுறை பெரிதாக மூச்சை இழுத்தான். கண்கள் திறந்தே இருந்தன. உயிரோடு இருந்தவனைக் கொன்றுவிட்டேனோ, நோயை முன்பே கவனிக்காமல் விட்டேனோ என்று தூக்கம் வருவதில்லை. உறவினர்கள் ‘ஒரு நாய்தானே’ என்கிறார்கள். கணவர் அவன் பொருள்களையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார். மகன் அதே காப்பகத்திலிருந்து இன்னொரு நாயை அழைத்து வரலாம் என்கிறான். பாதி வாழ்க்கையைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு ஜீவனை நான் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்வி கடைசி வரியில் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மூச்சு தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருக்கும்வரை வேறு எந்த நினைவும் உங்களிடம் நெருங்கப் போவதில்லை என்பதால், முதலில் அதைப் பேசிவிடுவோம்.

இந்த ஊசியில் பொதுவாகச் செலுத்தப்படுவது மயக்கமருந்து வகையைச் சேர்ந்த ஒரு மருந்துதான். அளவு மட்டும் பல மடங்கு அதிகம். இரத்தத்தில் கலந்த சில நொடிகளில் முதலில் நினைவு போகிறது. அதன் பிறகே மூச்சும், அதைத் தொடர்ந்து இதயமும் நிற்கின்றன. வலியையோ பயத்தையோ உணர வேண்டிய மூளை எல்லாவற்றுக்கும் முன்பே அணைந்துவிடுகிறது. இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது, தசை துடிப்பது, சிறுநீர் கழிவது ஆகியவை உடல் தானாகச் செய்யும் அனிச்சைச் செயல்கள். இமைகளை மூடுவதற்குத் தசை வேலை செய்ய வேண்டும்; அந்த வேலை நின்றுவிட்டதால்தான் கண்கள் திறந்தபடி இருந்தன. நீங்கள் பார்த்தது மணி உங்களிடம் எதையோ கேட்ட மூச்சு அல்ல. பெரும்பாலான கால்நடை மருத்துவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். உங்களுக்கும் சொல்லியிருக்கலாம்; அந்த மேசையருகே நிற்பவர்களின் காதில் எதுவும் விழுவதில்லை.

நோயைக் கவனிக்கவில்லை என்கிறீர்கள். நாய்களின் நாட்பட்ட சிறுநீரக நோய் வீட்டில் இருப்பவர்களை ஏமாற்றும் நோய். சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் தண்ணீர் அதிகம் குடிப்பதும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் தொடங்குகின்றன. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையில் தெளிவாக ஏறுவதற்குள் முக்கால் பங்கே போயிருக்கும். மருத்துவரின் பரிசோதனைக்கே பிந்தித் தெரியும் ஒன்றை நீங்கள் சமையலறையில் நின்றபடி எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? ஊசி வேண்டாம் என்று நீங்கள் மறுத்திருந்தால் மணிக்குக் கிடைத்திருக்கக் கூடியது ஓயாத குமட்டலும் வாய்ப்புண்ணும் பட்டினியுமாகச் சில நாள்கள் மட்டுமே. அந்த நாள்களை அவனுக்குத் தராததற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இனி அந்தத் துடைப்பத்துக்கு வருவோம். காப்பகத்திலிருந்து நாயை அழைத்து வந்தவர்களில் பலர் அதன் முன்கதையைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கதையில் எப்போதும் ஒரு கொடியவன் இருப்பான். அப்படி ஒருவன் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் முக்கியமான பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் எந்தப் பொருளை, எந்த ஓசையை, எந்த வகை மனிதரைப் பார்க்காமல் வளர்ந்ததோ, அவற்றைக் கண்டு வாழ்நாள் முழுக்க மிரளும் நாய்கள் ஏராளம். வீட்டுக்குள் வளராத ஒரு குட்டிக்கு, தரையைத் தேய்த்துக்கொண்டு தன்னை நோக்கி வரும் நீண்ட பொருளே போதும், அச்சம் கொள்ள. அதனால் ஒருவரும் அடித்திருக்க வேண்டும் என்பதில்லை. பார்த்தறியாத ஒருவர்மீது நான்கு மாதங்களாக நீங்கள் கொதித்துக்கொண்டிருக்கிறீர்கள். மணியை நினைக்கும் நேரத்தில் பாதியை அந்த ஆள் எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் எனக்கு அதில் பிடிக்காத விஷயம்.

தெரியாத பாதியில் தெரிந்துகொள்ளக் கூடியது கொஞ்சம் இருக்கலாம். அதற்குக் கற்பனை தேவையில்லை. பல காப்பகங்களில் ஒவ்வொரு நாய்க்கும் சேர்க்கைப் பதிவு வைத்திருப்பார்கள்: எந்தத் தேதியில் வந்தது, எங்கே கண்டெடுக்கப்பட்டது அல்லது யாரால் ஒப்படைக்கப்பட்டது, அன்றைய எடை, உடலில் இருந்த காயங்கள், சில சமயம் ஒரு புகைப்படம். கேட்டுப் பாருங்கள். வயதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். ஏழு மாதத்துக்குள் நாய்க்கு நிலைப்பற்கள் எல்லாம் முளைத்துவிடும். அதன் பிறகு பற்களின் தேய்மானத்தையும் அவற்றில் படிந்த காரையையும் பார்த்துச் சொல்லும் வயது ஊகமே, சில ஆண்டுகள் முன்பின்னாக இருக்கும். மணிக்குப் பிறந்தநாள் இல்லை என்பது உங்களுக்குக் குறையாகத் தோன்றினால், அவன் உங்கள் வீட்டு வாசலை மிதித்த நாள் இருக்கிறது. அது ஊகம் இல்லாத தேதி.

அந்த நாளிலிருந்து தொடங்கினால் உங்களிடம் இருப்பது கொஞ்சமல்ல. வளர்ந்த நாயை ஏற்றவர்கள் குட்டியிலிருந்து வளர்த்தவர்களுக்குக் கிடைக்காத ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். எதையும் நம்பாமல் வந்த ஓர் உயிர் நாளுக்கு நாள் இறுக்கம் தளர்ந்ததை நீங்கள் நேரில் பார்த்தீர்கள். முதல் வாரம் எந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துப் படுத்தான்? தட்டில் வைத்ததை அங்கேயே தின்றானா, வாயில் கவ்விக்கொண்டு போய் மறைவில் தின்றானா? முதன்முதலாக அவன் குரைப்பதைக் கேட்டது எப்போது? வயிறு மேலே தெரிய, நான்கு காலும் நாலு பக்கமாக விரிய, வெட்கமே இல்லாமல் முதன்முறை தூங்கியது எந்த அறையில்? இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை, வரிசையும் வேண்டாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். முகம் மறக்காது, புகைப்படங்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். முதலில் தேய்ந்துபோவது சின்னச் சின்ன விஷயங்கள்தாம்: தரையில் நகம் படும் ஓசை, பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுக்கும்போது இருந்த கனம், காதுமடலின் ஓரத்தில் எந்த இடத்தில் முடி கொட்டியிருந்தது என்பது. குறைகளையும் விடாமல் எழுதுங்கள். செருப்பைக் கடித்ததையும், விருந்தினர் வந்தால் உறுமியதையும் அழித்துவிட்டால் மிஞ்சுவது எல்லா நாய்க்கும் பொருந்தும் ஒரு புகழுரை. அதில் மணி இருக்க மாட்டான். அதேபோல் ‘நான் காப்பாற்றிய நாய்’ என்று தொடங்கும் வாக்கியங்களையும் குறையுங்கள் என்பேன். அவை மணியைப் பற்றியவை அல்ல, நம்மைப் பற்றியவை.

கைப்பேசியில் மணியை எடுத்த காணொளிகளை மட்டும் பார்க்காதீர்கள். வேறு எதற்கோ எடுத்தவற்றின் ஓரங்களைப் பாருங்கள்; மகன் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு வால் குறுக்கே போகும், யாருடைய சிரிப்புக்கோ நடுவில் அவன் கொட்டாவிச் சத்தம் கேட்கும். கேமரா தன்னைப் பார்க்கிறது என்று அறியாத மணி அங்கேதான் இருக்கிறான். அவற்றைத் தனியாக ஒரு கோப்பில் சேர்த்து, இன்னோரிடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். பரணில் இருக்கும் மூட்டையில் அவன் போர்வை துவைக்கப்படாமல் இருந்தால், காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடுங்கள்; வாசனை சில காலமாவது நிற்கும். உங்கள் கணவர் அந்த மூட்டையைக் கட்டியதை மனம் கல்லானதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கி எறியாமல் பரணில் வைத்தவர் அவர். கழுத்துப்பட்டையை மட்டும் இறக்கித் தரும்படி கேளுங்கள். அந்தப் பேச்சிலேயே அவர் எதைத் தாங்க முடியாமல் கட்டிவைத்தார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடக்கூடும்.

‘ஒரு நாய்தானே’ என்பவர்களோடு வாதாடுவது வீண். சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கம் தனியாக ஒரு வகை என்று அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-இல் விரிவாக எடுத்துரைத்தார். விடுப்பும் கிடையாது, துக்கம் விசாரிக்க வருபவரும் கிடையாது என்பதால் அது ஆற அதிக நாளாகிறது. உங்களுக்கு நான்கு மாதம் நீண்டதாகத் தோன்றினால் காரணம் அதுதான். ஆனால் மனிதர்கள் எப்போதும் இப்படி அலட்சியமாக இருந்துவிடவில்லை. ஜெர்மனியில் இன்று பான் நகரத்தின் பகுதியாக இருக்கும் ஓபர்காசலில் 1914-இல் கிடைத்த கல்லறையில், ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் அருகே ஓர் இளம் நாயும் புதைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நாயின் பற்களை ஆராய்ந்தவர்கள், அது கடும் நோயில் வாரக்கணக்கில் கிடந்திருக்க வேண்டும், யாரோ சுத்தப்படுத்தித் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிராவிட்டால் அத்தனை நாள் பிழைத்திருக்காது என்று கருதுகிறார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டி அது. நம் பக்கத்தில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டு நடுகல்லில், வீரனின் பெயரோடு கள்வரைக் கடித்து அவனருகே காத்து நின்ற நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது: கோவிவன். அது எங்கே பிறந்தது, முதலில் யாரிடம் இருந்தது என்று அந்தக் கல்லும் சொல்லவில்லை. ஒரு கணத்தில் அது என்ன செய்தது என்பதும் அதன் பெயரும்தான் இருக்கின்றன; நினைவுக்கு அவ்வளவே போதுமானதாக இருந்திருக்கிறது.

தூக்கமின்மை இன்னும் சில வாரங்களுக்கு நீடித்தாலோ, அன்றாட வேலைகளே ஓடவில்லை என்றாலோ, மனநல ஆலோசகரைப் பாருங்கள். நாய்க்காகப் போய் நிற்பதா என்று தயங்க வேண்டாம். நீங்கள் போவது உங்களுக்காக.

உங்கள் மகன் சொல்வதை உடனே மறுக்கவும் வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். சேர்க்கைப் பதிவைக் கேட்கக் காப்பகத்துக்குப் போகும்போது அவனையும் அழைத்துச் செல்லுங்கள். மணி இறந்த செய்தியை அவர்களிடம் சொல்லுங்கள். மணிக்குத் தோலுக்கடியில் அடையாளச் சில்லு (மைக்ரோசிப்) பொருத்தியிருந்தால் அதன் பதிவையும் மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் மிஞ்சிய பழைய துண்டுகள், பிரிக்காத தீவனப் பைகள் இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். மாத்திரைகளை மட்டும் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அன்றைக்கே எந்த நாயையும் அழைத்து வருவதில்லை என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இருவரும் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். பிறகு எப்போதாவது, மணியோடு ஒப்பிடாமல் ஒரு நாயின் முகத்தை உங்களால் பார்க்க முடிகிற நாள் வந்தால், அப்போது யோசிக்கலாம். ஒருவேளை அழைத்து வந்தால், அதற்கு மணி என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.